திருப்பி அனுப்பப்பட்டவர்களின் கணக்கு

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடத்துக்குப் போகும் சாலையில் இருக்கிறது வல்லக்கோட்டை. ஏழடி உயரத்தில் நின்ற கோலத்தில் அருள்பாலிக்கும் முருகப்பெருமானின் சந்நிதியால் அருணகிரிநாதர் காலம் தொட்டே பிரசித்தி பெற்ற இந்தச் சிற்றூர், கிருத்திகைக்கும் ஆடி மாதத்துக்கும் கூடும் பக்தர் கூட்டத்தைத் தவிர வேறு பெருங்கூட்டம் அறியாமல் நெடுங்காலம் இருந்து வந்தது. இன்றோ, ஒரு புறம் ஒரகடத்து மோட்டார் ஆலைகளும், மறுபுறம் வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பூங்காவும், சற்றுத் தொலைவில் சுங்குவார்சத்திரத்துக் கைபேசித் தொழிற்சாலைகளும் எழுந்து நிற்க, ஷிப்டு மாறும் வேளைகளில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நின்று, கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் இளம் பெண்களை ஏற்றியும் இறக்கியும் செல்கின்றன. வல்லம் வடகாலில் மட்டும் 18,720 பேர் தங்கக்கூடிய விடுதி ஒன்றை ரூ. 706.50 கோடி செலவில் சிப்காட் நிறுவனம் கட்டி முடித்து, 2024 ஆகஸ்டு 17 அன்று முதலமைச்சர் அதைத் திறந்து வைத்தார். இந்திய நாட்டின் பதிவு பெற்ற தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள் என்பது மத்திய அரசின் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு சொல்லும் விஷயம்; அந்தப் பெருமையில் இந்தச் சாலைக்குப் பெரும்பங்கு உண்டு.

எத்தனை கட்டில் போட்டோம், எத்தனை பேருக்கு வேலை கொடுத்தோம் என்ற கணக்கெல்லாம் ஒன்று விடாமல் எழுதப்பட்டிருக்கிறது. வேலை கேட்டு வந்து, ஆலையின் வாசலோடோ ஆள் சேர்க்கும் ஏஜெண்டின் அறையோடோ திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர், அவர்கள் யார், என்ன காரணத்தால் திரும்பினார்கள் என்ற கணக்கை மாத்திரம் எந்தக் காரியாலயத்திலும் எவரும் எழுதி வைப்பதில்லை. சமத்துவத்தைக் காக்கும் பொறுப்பை ஏற்றுள்ள ஒரு பொது ஸ்தாபனத்துக்கு இந்த இரண்டாவது கணக்கே ஜீவாதாரமானது என்பதும், அதை எடுக்கத் தெரிந்த புள்ளியியலாளர்களை நிரந்தரமாக வைத்துக்கொள்ளாமல், அவர்களுக்குத் தகுந்த தலைவர் ஒருவரை நியமிக்காமல், நம் ஆணையங்களும் துறைகளும் இத்தனை காலம் காரியம் பார்த்து வந்திருக்கின்றன என்பதுமே இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

2024 ஜூன் 25 அன்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு புலனாய்வுக் கட்டுரையை வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் அருகேயுள்ள ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் ஐபோன் இணைக்கும் வேலைக்குத் திருமணமான பெண்களைச் சேர்ப்பதில்லை என்றும், உற்பத்தி மும்முரமான மாதங்களில் மட்டும் இந்த வழக்கம் தளர்த்தப்படுகிறது என்றும், குடும்பப் பொறுப்பும் கர்ப்பமும் விடுப்பும் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. திருமணம், பால், மதம் ஆகிய எந்த அடிப்படையிலும் தாங்கள் பாரபட்சம் காட்டுவதில்லை என்று கம்பெனி உறுதியாக மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தை எடுத்துக்காட்டி மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் தானாகவே முன்வந்து நோட்டீஸ் அனுப்பியது. ஜூலை 1 அன்று மத்திய பிராந்தியத் தொழிலாளர் துறையைச் சேர்ந்த ஐவர் குழு ஆலைக்கு நேரில் சென்று நிர்வாகிகளை விசாரித்தது.

அந்த விசாரணையின்போது கம்பெனி தந்த கணக்கு பத்திரிகைகளில் வந்தது. ஆலையில் மொத்தம் 41,281 பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் பெண்கள் 33,360 பேர். அந்தப் பெண்களில் திருமணமானவர்கள் 2,750 பேர். அதாவது நூற்றுக்குச் சுமார் எட்டு. ஐபோன் இணைப்புப் பகுதியில் எத்தனை, ஏனைய பகுதிகளில் எத்தனை என்ற பிரிவினை அந்தக் கணக்கில் இல்லை.

நூற்றுக்கு எட்டு என்பது அதிகமா, குறைவா? அன்று பலரும் தத்தம் மனச்சாய்வுக்கு ஏற்ப இதற்கு விடை சொன்னார்கள். எட்டுப் பேர் இருக்கிறார்களே, ஆகையால் தடை ஏதும் இல்லை என்று ஒரு சாராரும், எட்டுப் பேர்தானா, ஆகையால் தடை நிச்சயம் இருக்கிறது என்று மற்றொரு சாராரும் வாதித்தார்கள். புள்ளியியல் கற்ற ஒருவர் அந்தச் சபையில் இருந்திருந்தால், இந்த எண்ணிலிருந்து இரண்டில் எந்த முடிவுக்கும் வர நியாயம் இல்லை என்று சொல்லியிருப்பார். ஏனெனில், வேலையில் இருப்பவர்களின் பட்டியலை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும், வேலை மறுக்கப்பட்டவர்களைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லாது.

இதைக் கற்பனையான இரண்டு ஆலைகளை வைத்துப் பார்க்கலாம். முதல் ஆலைக்கு மணமாகாத பெண்கள் 900 பேரும் மணமானவர்கள் 60 பேரும் விண்ணப்பிக்கிறார்கள். 300 பேருக்கும் 20 பேருக்கும் முறையே வேலை கிடைக்கிறது. இரு சாராரிலும் மூவரில் ஒருவர் தேர்வாகிறார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டாவது ஆலைக்கு மணமாகாதவர்கள் அதே 900 பேர், மணமானவர்கள் 240 பேர். வேலை கிடைப்பது அதே 300 பேருக்கும் அதே 20 பேருக்கும். இங்கே மணமாகாதவரில் மூன்றில் ஒருவருக்குக் கிடைத்த இடம், மணமானவரில் பன்னிரண்டில் ஒருவருக்கே கிடைக்கிறது. அநியாயம் வெட்டவெளிச்சம். ஆனால் இரண்டு ஆலைகளின் சம்பளப் பட்டியலையும் அருகருகே வைத்தால், இரண்டிலும் 320 பெண்கள், அவர்களில் மணமானவர் 20 பேர். அணுவளவும் வித்தியாசம் தெரியாது. நியாயமான ஆலையையும் அநியாயமான ஆலையையும் பிரித்துக்காட்டும் ஒரே தஸ்தாவேஜு விண்ணப்பப் பதிவேடுதான்.

அதோடும் விஷயம் முடிந்துவிடாது. மணமானவர்களை எடுக்க மாட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டால், கிராமத்திலிருந்து புறப்படும் முன்பே பெண்கள் நின்றுவிடுவார்கள். ஏஜெண்டுகள் வாட்ஸ்அப்பில் பரப்பும் விளம்பரத்தில் ‘திருமணமாகாத பெண்கள் தேவை’ என்று ஒரு வரி இருந்துவிட்டால் விண்ணப்பப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் ஏறாது. ஆகவே மூன்றாவது கணக்கு ஒன்றும் வேண்டும்: ஆட்கள் சேர்க்கப்படும் மாவட்டங்களில், அந்த வயதில், அந்தப் படிப்புள்ள பெண்களில் மணமானவர்களின் விகிதம் என்ன என்பது. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்களே பெரும்பாலும் வேலைக்கு வருகிறார்கள் என்றால் நூற்றுக்கு எட்டு என்பது இயற்கையாகவும் இருக்கக்கூடும். இருபத்தைந்து வயதுக்காரர்கள் பெருவாரியாக இருந்தால் அதே எட்டு பெரும் சந்தேகத்துக்கு இடம் தரும். இவற்றுக்கெல்லாம் மேலாக, மணமான ஆண்களின் கணக்கு வேண்டும். மணமான ஆணை ஏற்று, மணமான பெண்ணை மறுப்பது பால் அடிப்படையிலான பாரபட்சமே என்ற வாதம் ருசுவாவதற்கு வேறு மார்க்கம் கிடையாது.

உத்தியோகஸ்தர்கள் என்ன செய்தார்கள்? ஆலையில் வேலை செய்யும் திருமணமான பெண்கள் 21 பேரைக் கண்டு பேசினார்கள். சம்பளத்திலும் பதவி உயர்விலும் தங்களுக்குப் பாரபட்சம் இல்லை என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். அதையே ஆதாரமாகக் கொண்டு அறிக்கை எழுதப்பட்டது. அவர்கள் சொன்னது சத்தியமாகவே இருக்கலாம். வேலை கிடைத்தவர்களிடம் போய், வேலை மறுக்கப்படுகிறதா என்று கேட்டதில்தான் தவறு. தேசிய மனித உரிமை ஆணையம் இதைச் சரியாகவே பிடித்துக்கொண்டது. ஆள் சேர்ப்பு ஆவணங்களை அதிகாரிகள் பரிசீலிக்கவில்லை, பிரதானமான கேள்விக்கே பதில் இல்லை என்று சுட்டிக்காட்டி, மீண்டும் விசாரிக்கும்படி அது உத்தரவிட்டது. இதற்கிடையில், விளம்பரங்களில் திருமணம் பற்றிய நிபந்தனை எதுவும் இருக்கக்கூடாது என்று ஏஜெண்டுகளுக்குக் கம்பெனி அறிவுறுத்தியதாகவும் ராய்ட்டர்ஸ் பின்னர் எழுதியது.

அந்த ஐந்து உத்தியோகஸ்தர்கள் மீது எனக்குக் குறை இல்லை. தொழிலாளர் ஆய்வாளர்கள் சம்பளப் பதிவேட்டையும் வேலை நேரத்தையும் பரிசீலிப்பதற்கென்று பயிற்சி பெற்றவர்கள். 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள் அவர்கள் கையில் கொடுத்திருந்த படிவமும் அத்தகையதே: எந்த ரகத் தொழிலாளர், என்ன வேலை, ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, கூலி விகிதம் என்ன என்று கேட்ட அந்தப் பதிவேட்டில், விண்ணப்பித்தவர்களுக்கு ஒரு பத்தியும் கிடையாது. சட்டத்தின் 5-ஆம் பிரிவு ஆள் சேர்ப்பில் பாரபட்சம் கூடாது என்று விதித்தது. சட்டத்துக்குத் துணையாக வந்த படிவமோ ஆள் சேர்ப்பைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. இந்த இடைவெளியை அரை நூற்றாண்டாக எவரும் அடைக்கவில்லை என்றால், அடைக்க வேண்டும் என்று எடுத்துச் சொல்லும் அந்தஸ்துள்ள புள்ளியியலாளர் ஒருவர் அந்த ஸ்தாபனத்தில் இல்லை என்றே பொருள்.

மணமான பெண்கள் வேலைக்கு ஒழுங்காக வர மாட்டார்கள் என்ற வாதம் புதிதன்று. மருந்துக் கம்பெனி ஒன்றின் பாக்கிங் பகுதியில் வேலை செய்யும் பெண்கள் கல்யாணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனை 1965-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. குழுவாகச் செய்யும் வேலை அது, மணமானவர்கள் அதிகமாக விடுப்பு எடுக்கிறார்கள் என்று கம்பெனி சொல்லியது. விதவைகளையும் மணமாகாதவர்களையும்விட மணமானவர்கள் அதிகம் வராமல் இருக்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று நீதிமன்றம் கேட்டு, பிரசவ விடுப்பு ஒன்றுதான் வித்தியாசம், அதற்கு மாற்றாள் வைத்துக்கொள்வது பெரிய கஷ்டம் அன்று என்று நிபந்தனையைத் தள்ளிவிட்டது. எண்ணால் நிரூபிக்கக்கூடிய ஒரு விஷயத்தை எண்ணில்லாமல் சொல்லிக்கொண்டே போகக்கூடாது என்ற அந்தத் தீர்ப்பின் போக்கு, அறுபது வருஷம் கழித்து இந்தச் சாலைக்கும் அப்படியே பொருந்துகிறது.

இதில் நம்மவர்கள் வெட்கப்படவும் காரணம் உண்டு, பெருமைப்படவும் காரணம் உண்டு. உத்தியோகத்தில் யார் யார் சேர்க்கப்படுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்து, அந்த எண்ணைக் கொண்டு நியாயம் செய்யலாம் என்ற எண்ணம் சென்னை ராஜதானியில் நூறாண்டுகளுக்கு முன்பே உதித்தது. நீதிக்கட்சி மந்திரிசபை 1921 செப்டம்பர் 16 அன்று பிறப்பித்த 613-ஆம் நம்பர் அரசாணையைப் பலரும் வகுப்புவாரி உத்தரவு என்று மட்டும் அறிவார்கள். அந்த ஆணையின் உயிர்நாடி ஒரு படிவம். ஒவ்வோர் இலாகாத் தலைவரும், கலெக்டரும், ஜில்லா நீதிபதியும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, தம் காரியாலயத்தில் புதிதாக நியமிக்கப்பட்டவர்களைப் பிராமணர், பிராமணரல்லாத இந்துக்கள், இந்தியக் கிறிஸ்தவர், முகம்மதியர், ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும், ஏனையோர் என்று ஆறு பத்திகளில் பிரித்து எழுதி அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்களை விட்டுவிட்டு, புதிய நியமனங்களைத் தனியாகக் கேட்டது அதன் விசேஷம். அநீதி நடக்கும் இடம் வாசல் என்பதை அந்தப் படிவத்தை வகுத்தவர்கள் நன்றாக உணர்ந்திருந்தார்கள். அமெரிக்க தேசத்தில் நூறு பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் கம்பெனிகள் இனவாரியாகவும் பால்வாரியாகவும் வருடாந்தரக் கணக்குத் தர வேண்டும் என்ற ஏற்பாடு 1966-இல்தான் வந்தது.

இந்த நூறாண்டுச் சரித்திரத்தில் எண்ணியவர்களின் பெயர்கள் மறைந்தே கிடக்கின்றன. 1931-ஆம் ஆண்டின் சென்னை ராஜதானிக் குடிமதிப்பை நடத்திய யீட்ஸ் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியை இன்று யாருக்கு நினைவிருக்கிறது? ஜாதிவாரியாக முழு அளவில் அட்டவணையிடப்பட்ட கடைசிக் குடிமதிப்பு அதுவே. பிற்படுத்தப்பட்டோர் நூற்றுக்கு 52 என்று மண்டல் ஆணையம் 1980-இல் மதிப்பிட்டபோதும், அரை நூற்றாண்டுக்கு முந்தைய அந்தக் கணக்கையே ஆதாரமாகக் கொள்ள நேர்ந்தது.

மண்டல் ஆணையம் என்றதும் தலைவர் பி. பி. மண்டலும், பத்தாண்டு கழித்து எழுந்த கிளர்ச்சியும் நினைவுக்கு வருகின்றனவே தவிர, நாட்டின் 406 மாவட்டங்களில் 405-இல் நடந்த அதன் சமூக-கல்வி ஆய்வு நினைவுக்கு வருவதில்லை. சமூகவியல் அறிஞர் எம். என். ஸ்ரீநிவாஸ் தலைமையில் கூடிய நிபுணர் குழு கேள்விகளைச் சிந்தித்தது. மத்தியப் புள்ளியியல் அமைப்பின் தலைமை இயக்குநர் கே. ஸி. ஸீல் தலைமையில் தொழில்நுட்பக் குழு ஒன்று ஆய்வின் முறையை வகுத்தது. மாவட்டத்துக்கு இரண்டு கிராமம், ஒரு நகர்ப்புறப் பகுதி என்று தேர்ந்து, அங்குள்ள எல்லா வீடுகளிலும் விசாரித்தார்கள். பின்தங்கிய நிலையை அளக்கப் பதினோரு அளவுகோல்கள், சமூக அளவுகோல் ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்பெண், கல்விக்கு இரண்டு, பொருளாதாரத்துக்கு ஒன்று, மொத்தம் 22, பதினொன்றும் அதற்கு மேலும் பெற்ற ஜாதி பின்தங்கியது. மூன்று, இரண்டு, ஒன்று என்ற இந்த எடைகளைக் கணித சாஸ்திரம் எதுவும் வகுத்துத் தரவில்லை. அவமானம் வறுமையைவிட மும்மடங்கு கனமானது என்ற ஒரு தார்மிக நிர்ணயம் அவற்றுக்குள் இருக்கிறது. சமத்துவ ஸ்தாபனத்தின் புள்ளியியல் தலைவர் ஒருவர் வெறும் கணக்கராக இருக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் ஏ. என். சட்டநாதன் தலைமையிலான முதலாவது பிற்படுத்தப்பட்டோர் ஆணையம் 1970-இல் அறிக்கை தந்தது. உச்ச நீதிமன்றத்தின் உத்தரவை ஒட்டி 1982 டிசம்பரில் நியமிக்கப்பட்ட ஜே. ஏ. அம்பாசங்கர் ஆணையம் அதைவிடப் பெரிய காரியத்தில் இறங்கியது. மாநிலம் முழுவதும் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்து, ஜனத்தொகையில் பிற்படுத்தப்பட்டோர் நூற்றுக்கு 67.15 என்று கண்டது. 1985-இல் அறிக்கை வந்தபோது, 21 உறுப்பினர்களில் 14 பேர் தலைவரின் பரிந்துரைகளோடு மாறுபட்டார்கள். பரிந்துரைகளில் மாறுபாடு வருவது இயல்பு. அதன் பிறகு நடந்ததே, அல்லது நடக்காமல் போனதே, வருத்தத்துக்குரியது. ஆணையம் கலைந்தது, கணக்கெடுக்க வந்தவர்கள் தத்தம் இலாகாவுக்குத் திரும்பினார்கள், புள்ளிகளைப் புதுப்பிக்க எந்தக் குழுவும் மிஞ்சவில்லை.

அதன் விலையை 2022 மார்ச் 31 அன்று கொடுத்தோம். மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கான இருபது சதவீதத்துக்குள் வன்னியருக்கு 10.5 சதவீதம் ஒதுக்கிய 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஏற்கெனவே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ரத்து செய்திருந்தது. உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. உள்ஒதுக்கீடு செய்ய மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று ஒப்புக்கொண்ட நீதிமன்றம், அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது அம்பாசங்கர் காலத்துக் கணக்கு, சமகாலப் புள்ளிவிவரம் எதுவும் இல்லை என்ற காரணத்தைச் சொல்லிற்று. ஜாதிவாரிப் புள்ளிகளைத் திரட்ட 2020 டிசம்பரில் நீதிபதி குலசேகரன் தலைமையில் ஓர் ஆணையம் நியமிக்கப்பட்டும், கணக்கெடுப்பு நிறைவேறாமலே அதன் காலம் முடிந்துபோயிருந்தது. அந்த ஒதுக்கீடு நியாயமா, இல்லையா என்பதில் வாசகர்களிடையே இரு கருத்து இருக்கலாம். எந்தக் கருத்துடையவரும், முப்பத்தேழு வருஷமாக ஒரு மாநிலம் தன் மக்களைப் பற்றிய கணக்கைப் புதுப்பிக்காமல் இருந்ததை நியாயப்படுத்த மாட்டார். வரப்போகும் 2027 குடிமதிப்பில் ஜாதியும் எண்ணப்படும் என்று மத்திய அரசு முடிவு செய்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் பத்தாண்டுக்கு ஒரு முறை கொட்டும் பெருமழையைத் தேக்கிவைக்க ஏரி ஒன்று வேண்டுமே. ஆணையத்துக்கென்று சொந்தமான, நிரந்தரமான புள்ளியியல் பிரிவு இல்லாவிட்டால் அந்த எண்களும் சில வருஷத்தில் பழையனவாகிவிடும்.

அப்படியொரு பிரிவு அமைந்தால் அதன் தலைவருக்கு என்ன லட்சணம் வேண்டும்?

கேள்வியைத் திருத்தும் துணிவு முதலில் வேண்டும். ‘ஆலையில் மணமான பெண்கள் எத்தனை பேர்?’ என்று மேலிடம் கேட்டால், அந்த எண்ணைக் கொண்டுவந்து நீட்டுவது எழுத்தரின் வேலை. ‘ஐயா, தங்களுக்கு வேண்டியது இந்த எண் அன்று, விண்ணப்பித்தவரில் எத்தனை பேர் என்பது’ என்று பணிவாகவும் உறுதியாகவும் சொல்வது தலைவரின் வேலை. அடுத்து, ‘இதிலிருந்து முடிவு சொல்ல இயலாது’ என்று அறிக்கையில் எழுதும் நேர்மை வேண்டும். மந்திரிக்கும் பத்திரிகைக்கும் கட்சிக்கும் அவசரம். ஆம் அல்லது இல்லை என்ற பதிலுக்குக் காத்திருப்பார்கள். இருபத்தொரு பேரிடம் கேட்டு முப்பத்து மூவாயிரம் பேரைப் பற்றிச் சொல்லத் துணியும் இளைய சகாவைத் தடுத்து நிறுத்துவதும், பத்தாயிரம் பேரிடம் முறைப்படி விசாரித்து வந்த பாதகமான உண்மையை வெளியிடத் தயங்கும் மேலதிகாரியை எதிர்த்து நிற்பதும் ஒரே மனிதர் செய்ய வேண்டிய காரியங்கள். தொழில், வேலையின்மை பற்றிய ஆய்வறிக்கை வெளியிடப்படாமல் நிறுத்தி வைக்கப்பட்டதை ஒட்டி, 2019 ஜனவரியில் தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் தற்காலிகத் தலைவராக இருந்த பி. ஸி. மோகனனும் பேராசிரியை ஜே. வி. மீனாட்சியும் ராஜினாமா செய்தார்கள். நாற்காலியைத் துறந்தே உண்மையைக் காக்க வேண்டும் என்ற நிலை எல்லா ஸ்தாபனத்திலும் வரக்கூடாது. அதற்குத்தான் பதவிக்காலமும் வெளியிடும் அதிகாரமும் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும் என்கிறோம்.

களத்தை அறிந்த மனமும் அவருக்கு வேண்டும். இந்தச் சாலையோரத்து விடுதிகளில் கணக்கெடுக்கப் போகும் ஆய்வாளர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். வார்டன் அருகில் நிற்க, ‘உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?’ என்று கேட்டால் என்ன விடை வரும்? மணமானதை மறைத்து, தாலியைக் கழற்றி வைத்துவிட்டு வேலைக்கு வந்த பெண்ணுக்கு அந்தக் கட்டத்தில் இடப்போகும் ஒரு குறி வேலையையே பறித்துவிடும் அபாயம் உள்ளதாகத் தோன்றும். அவள் ‘இல்லை’ என்றுதான் சொல்வாள். அந்தப் பொய் பதிவாகி, சதவீதமாகி, அரசாங்கத்தின் சத்தியமாகிவிடும். ஆலைக்கு வெளியே, மேற்பார்வையாளர் இல்லாத இடத்தில், பெண் ஆய்வாளர் கேட்க வேண்டும். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்களிடம் அவர்களுடைய பாஷையில் கேட்க வேண்டும். பெயரை ஒரு தாளிலும் விடையை மற்றொரு தாளிலும் எழுதி, இரண்டையும் இணைக்கும் எண்ணைக் காரியாலயத்தில் ஒருவர் மட்டுமே வைத்திருக்க வேண்டும். காண்ட்ராக்ட் தொழிலாளர்களை ஆலையின் கணக்கில் சேர்ப்பதா, காண்ட்ராக்டரின் கணக்கில் சேர்ப்பதா என்று முன்கூட்டியே நிர்ணயிக்காவிட்டால் இருவருமே அவர்களை விட்டுவிடுவார்கள். புள்ளியியலின் மேன்மை பெரும்பாலும் சூத்திரங்களில் இல்லை. இந்தச் சிறிய ஜாக்கிரதைகளில் இருக்கிறது.

ஒரு தேசம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் பகைத்து நின்ற வட அயர்லாந்தில், 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக ஓர் ஏற்பாடு பிறந்தது. பத்துப் பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் தனியார் ஒவ்வொருவரும் சமத்துவ ஆணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். தம்மிடம் வேலை செய்பவர், விண்ணப்பித்தவர், நியமனம் பெற்றவர் என்று மூன்று வகையாரையும் சமூகவாரியாகப் பிரித்து ஆண்டுதோறும் கணக்கு அனுப்ப வேண்டும். தம் சமூகத்தைச் சொல்ல ஒருவர் மறுத்தால் அவர் படித்த பள்ளியைக் கொண்டு அனுமானிக்கவும் விதி இருக்கிறது. ஒருவரது விவரத்தை வெளியிடுவது குற்றம். ஆணையத்தின் புள்ளியியலாளர்கள் இவற்றைத் தொகுத்து வருடந்தோறும் அறிக்கை வெளியிடுகிறார்கள். குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே அந்த ஊரில் இதைத் தொடங்க முடிந்தது என்றால், அமைதியாக பஸ் ஓடும் ஒரகடம் சாலையில் முடியாது என்று எப்படிச் சொல்வது?

சம ஊதியச் சட்டம் இப்போது தனியாக இல்லை. 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டத்தில் அது கலந்துவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் அந்தத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கிறது. ஆள் சேர்ப்பில் பால் பாரபட்சம் கூடாது என்ற விதி அதிலும் தொடர்கிறது. பழைய சட்டத்தின் படிவம் செய்யத் தவறியதை இந்தச் சந்தர்ப்பத்தில் மாநில அரசு செய்யலாம் என்பது என் அபிப்பிராயம். ஸ்ரீபெரும்புதூர் தாலுகாவையே முதல் களமாக எடுத்துக்கொள்ளட்டும். ஐந்நூறு பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் ஆலைகளும் அவற்றுக்கு ஆள் சேர்த்துத் தரும் ஏஜெண்டுகளும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, விண்ணப்பித்தவர், நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர், சேர்க்கப்பட்டவர் ஆகியோரை வயது, பால், திருமண நிலை, சொந்த மாவட்டம் வாரியாகப் பிரித்து, பெயர்களை நீக்கி, கணக்கு அனுப்பட்டும். தேனாம்பேட்டையில் இயங்கும் பொருளியல்-புள்ளியியல் துறையிலிருந்து அவ்வப்போது இரவல் வாங்கும் ஆய்வாளர்களை நம்பியிராமல், அதைப் பரிசீலிக்கத் தொழிலாளர் துறைக்கும் மகளிர் ஆணையத்துக்கும் பொதுவாக ஒரு பிரிவும், இணை இயக்குநர் அந்தஸ்துக்குக் குறையாத தலைவரும் இருக்கட்டும். அவருக்கு ஐந்து வருஷப் பதவிக்காலமும், எவருடைய அனுமதியும் இன்றித் தம் அறிக்கையை வெளியிடும் உரிமையும் இருக்கட்டும்.

இதை ஆலைகளுக்குச் சுமை என்று சொல்வார்கள். மாதந்தோறும் வருங்கால வைப்பு நிதிக்கும் ஈ.எஸ்.ஐ.க்கும் ஆள்வாரியாகக் கணக்கு அனுப்புகிறவை அந்த ஆலைகள். கைபேசியின் உள்ளே செல்லும் ஒவ்வொரு திருகுக்கும் எண்ணிட்டு, கழிவாகத் தள்ளிய உதிரிப்பாகத்தைக்கூடக் காரணம் குறித்துப் பதிவு செய்கிறவை. தள்ளப்பட்ட உதிரிப்பாகத்துக்கு எழுதும் அந்த ஒரு வரிக் காரணத்தை, திருப்பி அனுப்பும் பெண்ணுக்கும் எழுதும்படி கேட்பது அவற்றால் தாங்க முடியாத பாரம் ஆகாது.